முதல் வருடத்துப் பிள்ளையின் சுபாவம்: எது பிறவியில் வந்தது, எது நம் கையில் இருக்கிறது?

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் முகச்சாடையைப் பேசுவார்கள். மூக்கு அத்தாவுடையது, நெற்றி பாட்டியுடையது என்று பங்கு பிரித்து முடிந்ததும் குணச்சாடைக்கு வந்துவிடுவார்கள். நாற்பது நாள் கழிவதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டம் விழுந்துவிடும். ஒன்று "சரியான பிடிவாதம்", இல்லையென்றால் "தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது". பிடிவாதப் பட்டம் கிடைத்த பிள்ளையின் தாய்க்கும் சேர்த்தே ஒரு பட்டம் கிடைக்கும்: பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் தூக்கம் கெட்டு, உடம்பு தேறாமல் இருக்கும் ஒரு தாயின் மனதை இந்தப் பேச்சு எவ்வளவு உடைக்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. "தங்கமான பிள்ளை" என்ற பாராட்டிலும் சில வேளைகளில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதல் வருடத்தில் ஒரு பிள்ளையின் சுபாவம் எப்படி வெளிப்படுகிறது, அதில் பெற்றோரின் பங்கு எது, பங்கு இல்லாதது எது என்பதைப் பிள்ளை பெற்ற வீட்டார் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

காஞ்சிபுரத்தில் தறி ஓடும் தெருக்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தறி வைத்து நெய்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மிதியின் சத்தமும் நாடா ஓடும் சத்தமும் காலையில் தொடங்கினால் மாலை வரை ஓயாது. பக்கத்துச் சுவரில் குடியிருப்பவர்களுக்கும் அதே சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே தூளியில் பிள்ளை தூங்கும். ஒரு பிள்ளைக்கு அதுவே தாலாட்டு. தறி நின்றால்தான் விழித்துக்கொள்ளும். அதே வீட்டில், அதே தாய்க்கு, இரண்டு வருடம் கழித்துப் பிறக்கும் தம்பி ஒரு தம்ளர் கீழே விழுந்தாலே உதறி எழுந்து அரை மணி நேரம் அழுவான். வீடு மாறவில்லை, தறி மாறவில்லை, தாயும் மாறவில்லை. மாறியிருப்பது பிள்ளை.

இதைத்தான் சுபாவம் என்கிறோம். ஆளுமை என்பது வேறு. ஒரு மனிதனின் நம்பிக்கைகள், பழக்கங்கள், நல்லது கெட்டது பற்றிய உணர்வு, தன்னைப் பற்றி அவன் வைத்திருக்கும் எண்ணம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆளுமை. அது உருவாகப் பல வருடங்கள் ஆகும். சுபாவம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எவ்வளவு வேகமாகப் பதறுகிறது, பதறினால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, புதியதைக் கண்டால் நெருங்குகிறதா விலகுகிறதா என்பவை பேச்சு வருவதற்கு முன்பே, ஏன், கழுத்து நிற்பதற்கு முன்பே தெரியத் தொடங்கும். நெசவுக்காரர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். சுபாவம் பாவு மாதிரி, தறியில் ஏற்றும்போதே நீட்டியாகிவிட்டது. வளர்ப்பு ஊடை மாதிரி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே ஓடுவது. இரண்டும் சேர்ந்தால்தான் சேலை.

நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேல்நாட்டு மனநல மருத்துவத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு என்ன கோளாறு என்றாலும் தாயின் வளர்ப்பில் குறை தேடுவார்கள். நம் ஊர் மாமியார்களைப் போலவே என்று சொன்னால் மாமியார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை ஏற்காத இரண்டு மனநல மருத்துவர்கள் இருந்தார்கள்: அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற கணவனும் மனைவியும். தங்களுடைய சொந்தப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் மாறுபட்டு இருப்பதைப் பார்த்தவர்கள். 1956-ல் அவர்கள் நியூயார்க் நகரில் சுமார் 140 குழந்தைகளை இரண்டு மூன்று மாத வயதிலிருந்தே தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகும் வரை நீண்டது.

பெற்றோரிடம் அவர்கள் "உங்கள் பிள்ளை நல்ல பிள்ளையா?" என்று கேட்கவில்லை. குளிப்பாட்டும்போது என்ன செய்கிறது, புதிய உணவை வாயில் வைத்தால் துப்புகிறதா, பசித்தால் முனகுகிறதா அலறுகிறதா, தினமும் ஒரே நேரத்தில் தூங்குகிறதா என்று கேட்டார்கள். அதிலிருந்து ஒன்பது கூறுகளைப் பிரித்தார்கள். உடல் துறுதுறுப்பு, பசி தூக்கத்தில் ஒழுங்கு, புதியதை நெருங்குவது அல்லது விலகுவது, மாற்றத்துக்குப் பழகும் வேகம், சத்தம் வெளிச்சம் தொடுதல் ஆகியவற்றை உணரும் நுட்பம், உணர்ச்சியைக் காட்டும் வேகம், பொதுவான மனநிலை, கவனத்தைத் திருப்ப முடிவது, விடாப்பிடி. இந்த ஒன்பதையும் வைத்துப் பார்த்தபோது சுமார் 40 சதவீதக் குழந்தைகள் எளிதில் வளர்க்கக்கூடிய சுபாவம் கொண்டவை. 10 சதவீதம் கடினமானவை: ஒழுங்கில்லாத தூக்கம், உரத்த அழுகை, எந்த மாற்றத்துக்கும் எதிர்ப்பு. 15 சதவீதம் மெதுவாகப் பழகுபவை. அவை அலறுவதில்லை, ஆனால் எதற்கும் தயங்கும். மீதி 35 சதவீதம் எந்தப் பிரிவிலும் அடங்காதவை.

பத்தில் ஒரு பிள்ளை பிறவியிலேயே வளர்க்கச் சிரமமானது என்றால், நம் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஓரிரு பிள்ளைகள் இருக்கும். அந்தத் தாய்மார்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

இந்த அளவுகோலை நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தவர்கள் சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். டாக்டர் சவிதா மல்ஹோத்ரா அதில் முக்கியமானவர்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் வேறு வழியில் போனார். நான்கு மாதக் குழந்தைகளின் முன் வண்ணப் பொம்மைகளை ஆட்டிக் காட்டி, பதிவு செய்த குரல்களைக் கேட்கவைத்து, புதிய வாசனைகளை முகரவைத்துப் பார்த்தார். ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகால்களை உதைத்து, முதுகை வளைத்து அழுதன. ஐந்தில் இரண்டு பங்கு சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. உதைத்து அழுதவற்றில் பல, இரண்டு வயதில் புதிய ஆட்களிடம் ஒதுங்கும் பிள்ளைகளாக இருந்தன. ஆனால் எல்லாம் அல்ல. அவற்றில் கணிசமானவை வளர வளர சாதாரணமாகவே பழகின. அச்சமே இல்லாத முரட்டுத் துணிச்சல்காரர்களாக மாறியவை மிகக் குறைவு, அவ்வளவுதான். நான்கு மாதத்தில் தெரிவது ஒரு சாய்மானம். தலையெழுத்து அல்ல.

இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், சுபாவ வேறுபாட்டில் சுமார் 20 முதல் 60 சதவீதம் வரை மரபணுவால் வருகிறது என்கின்றன. கர்ப்ப காலத்துச் சூழல், குறைமாதப் பிறப்பு போன்றவையும் சேரும்.

நம் மார்க்கத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. அப்துல் கைஸ் கூட்டத்தாரில் அஷஜ் என்றழைக்கப்பட்டவரிடம், சகிப்புத்தன்மையும் நிதானமும் அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள், அவை உம்மிடம் உள்ளன என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவை நானாகப் பழகிக்கொண்டவையா, அல்லாஹ் என்னைப் படைத்ததே அப்படியா என்று அவர் கேட்டார். அல்லாஹ்வே உம்மை அப்படிப் படைத்தான் என்பது பதில். அபூதாவூதில் இந்தச் செய்தி இருக்கிறது. அந்த நிதானம் பிறவியிலேயே வாய்த்தவர்களும் உண்டு, பாடுபட்டுப் பெற வேண்டியவர்களும் உண்டு. இரண்டாவது வகைப் பிள்ளை நம் வீட்டில் பிறந்திருக்கிறது என்றால் அது யாருடைய குற்றமும் இல்லை.

நாற்பதும் அழுகையும்

கைக்குழந்தையின் அழுகைக்கு ஒரு வரைபடம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-ல் அதை வெளியிட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறும், ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்துக்குள் இறங்கிவிடும். அதிலும் மாலை நேரத்தில்தான் கூடுதல். பல நாடுகளில் பிறகு பார்த்ததிலும் ஏறத்தாழ இதே அமைப்புதான்.

ஆறாவது வாரம் என்பது எந்த நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் நாற்பது கழியும் நேரம் அது. சில குடும்பங்களில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தாயையும் பிள்ளையையும் அம்மா வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவதும் அதையொட்டித்தான். சரியாக அழுகை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் பிள்ளை இடம் மாறுகிறது. மஃரிப் ஆனதும் வீறிடுகிறது. "அங்கே நன்றாகத்தானே இருந்தது, இங்கே வந்ததும் இப்படி" என்று ஒரு பக்கமும், "அங்கே சரியாகப் பழக்கவில்லை" என்று மறு பக்கமும் பேச்சு வளர்கிறது. கண்ணேறு என்கிறார்கள், நிழல் பட்டது என்கிறார்கள், ஓதிப் பார்க்கிறார்கள். பிள்ளைக்காக துஆ செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இடம் மாறாத பிள்ளையும் அந்த வாரத்தில் அப்படித்தான் அழும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் நாக்கில் வசம்பு தடவுவது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, தேன் தொட்டு வைப்பது எதுவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும் மட்டுமே. தேன் ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

"தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டாய்" என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இருக்கிறது. 1986-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹன்ஸிக்கர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு பிரிவுத் தாய்மார்களிடம், பிள்ளை அழுதாலும் அழாவிட்டாலும் தினமும் கூடுதலாக மூன்று மணி நேரமாவது தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. ஏற்கெனவே விடாமல் அழும் பிள்ளைகளிடம் பிறகு இதே முறையைச் சோதித்தபோது அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. எனவே இது எல்லாருக்குமான மருந்து அல்ல. ஆனால் தூக்குவதால் கைக்குழந்தை கெட்டுப்போகாது என்பது உறுதி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எதைச் செய்தும் அழுகை நிற்காத இரவில் பெரியவர்களுக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பிடித்துக் குலுக்கிவிடக் கூடாது. கழுத்து நிற்காத குழந்தையை வேகமாகக் குலுக்கினால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படும், உயிரே போகலாம். கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால் பிள்ளையைப் பாதுகாப்பாக மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். ஐந்து நிமிட அழுகையால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது.

ஆறாம் வாரத்தை ஒட்டித்தான் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது என்பதும் ஒரு கருணை. நான்காம் மாதத்தில் வாய்விட்டுச் சிரிக்கும். ஆறு மாதத்தில் துறுதுறுப்பு நன்றாகத் தெரியும்.

எட்டாம் மாதம் ஒரு புதிய சிக்கல். அதுவரை எல்லாரிடமும் போன பிள்ளை திடீரென்று தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பெருநாள் அன்று வீட்டுக்கு வரும் உறவுகள் கை நீட்டினால் அலறும். "யாரிடமும் பழக்கவே இல்லை" என்று அதற்கும் தாய்க்குத்தான் பேச்சு. உண்மையில் இது வளர்ச்சியின் அடையாளம். தன் ஆள் யார், அயலார் யார் என்று பிரித்தறியும் அளவுக்கு மூளை வளர்ந்திருக்கிறது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஓர் அளவில் வரும். மெதுவாகப் பழகும் சுபாவமுள்ள பிள்ளைக்கு இது கடுமையாக இருக்கும், கொஞ்சம் நீண்ட நாள் இருக்கும். வந்தவர் பிள்ளையை நேராகப் பார்த்து வாங்கப் பாயாமல், தள்ளி உட்கார்ந்து தாயிடம் பேசிக்கொண்டிருந்தால், கால் மணி நேரத்தில் பிள்ளையே அவரது கைக்கடிகாரத்தைத் தொட வரும். பிடுங்கி வாங்கினால் அடுத்த பெருநாளுக்கும் வராது.

பொருத்தம்

தாமஸும் செஸ்ஸும் கண்டதிலேயே முக்கியமானது ஒன்பது கூறுகள் அல்ல. பொருத்தம் என்ற கருத்துதான். பிள்ளையின் சுபாவத்துக்கும் வீட்டின் எதிர்பார்ப்புக்கும் பொருந்தினால் சிக்கல் இல்லை; பொருந்தாதபோதுதான் சிக்கல். நியூயார்க்கில் அவர்கள் இரண்டு வகைக் குடும்பங்களைப் பார்த்தார்கள். நடுத்தர வர்க்க வெள்ளையர் வீடுகளில் இரவு குறித்த நேரத்தில் பிள்ளை தூங்கியாக வேண்டும். தூங்காத பிள்ளையால் வீடே பதறியது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்களில் பிள்ளை எப்போது தூங்கினாலும் யாரும் கவலைப்படவில்லை. அதே சுபாவம் அங்கே ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை, பள்ளிக்கூடம் தொடங்கி அதிகாலையில் எழ வேண்டிய நாள் வரும் வரை.

இதைவிட வியப்பானது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்களிடையே கடும் வறட்சி நிலவியபோது, மார்ட்டன் டி வ்ரீஸ் என்ற மருத்துவர் அங்கே குழந்தைகளின் சுபாவத்தை அளந்திருந்தார். சில மாதங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது, எளிய சுபாவம் கொண்டவை என்று குறித்திருந்தவற்றில் ஏழு குழந்தைகளின் குடும்பங்களைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த ஏழில் ஐந்து இறந்திருந்தன. கடினமானவை என்று குறித்த ஆறில் ஒன்று மட்டுமே இறந்திருந்தது. மிகச் சிறிய எண்ணிக்கை. இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் உணவு பற்றாத இடத்தில் உரக்க அழுத பிள்ளைக்கு அடிக்கடி பால் கிடைத்திருக்கும் என்று அவர் கருதியதில் நியாயம் இருக்கிறது. ஓர் ஊரில் தொல்லை எனப்படும் குணம் இன்னோர் ஊரில் உயிரைக் காக்கிறது.

அப்படியானால் வளர்ப்பால் ஒன்றும் ஆகாதா? ஆகும். நெதர்லாந்தில் டிம்ஃப்னா வான் டென் போம் என்ற ஆய்வாளர் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஏழைக் குடும்பங்களில் பிறந்த, பிறந்த சில நாட்களிலேயே எளிதில் எரிச்சலடைபவை என்று கண்டறியப்பட்ட 100 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். பாதித் தாய்மார்களின் வீட்டுக்கு ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில் மூன்றே முறை போனார்கள். சொல்லிக் கொடுத்தது பெரிய வித்தை அல்ல. பிள்ளை தரும் சிறு குறிப்பைப் பாருங்கள், அது முகத்தைத் திருப்பினால் விடுங்கள், திரும்பிப் பார்க்கும் வரை காத்திருங்கள், அழுதால் ஆற்றுங்கள், அமைதியாக இருக்கும்போதும் மறந்துவிடாமல் விளையாடுங்கள். ஒரு வயதில் பார்த்தபோது அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை தாயிடம் உறுதியான பாசப்பிணைப்போடு இருந்தன. வீட்டுக்குப் போகாத பிரிவில் அப்படி இருந்தவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

இதில் கடைசிக் குறிப்பு கவனிக்க வேண்டியது. அழும் பிள்ளையோடு மல்லுக்கட்டி ஓய்ந்த தாய், அது அமைதியானதும் "அப்பாடா" என்று விலகிப் போய்விடுகிறாள். இயற்கைதான். ஆனால் அழுதால்தான் ஆள் வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அந்த அமைதியான பத்து நிமிடத்தில் தாயால் முடியவில்லை என்றால் அத்தா உட்காரலாம், மூத்த பிள்ளை உட்காரலாம்.

கைப்பேசி இல்லாமல் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த சோதனை ஒன்று உண்டு. பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய், திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் இருக்க வேண்டும். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தமிடும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். பின்னாளில் தாய் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி வைத்துச் செய்தபோதும் பிள்ளைகள் அதேபோல வாடின.

தாயின் மனம்

பிள்ளையின் சுபாவத்தைப் பேசும் எந்தக் கட்டுரையும் தாயின் மனநிலையைப் பேசாமல் முடிய முடியாது. ஓயாமல் அழும் பிள்ளை தாயைச் சோர்வடையச் செய்கிறது. சோர்ந்த தாய்க்குப் பிள்ளை இன்னும் கடினமானதாகத் தெரிகிறது. இது ஒரு சுழல்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தமிழகக் கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டவற்றை வாசித்தால் நம் வீட்டுக் கூடத்தைப் பார்ப்பது போல இருக்கும். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலைக்குக் கை உதவி இல்லாதது. இவற்றில் வருமானத்தை உடனே மாற்ற முடியாது. மற்றவற்றில் பல, வீட்டில் இருப்பவர்களின் வாயிலும் கையிலும் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் தாய் காரணமில்லாமல் அழுதால், பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைத் தொடவே மனமில்லை என்றால், "நான் செத்துப்போனால் நல்லது" என்று ஒரு முறை சொன்னாலும், அதைத் திமிர் என்றோ ஈமான் குறைவு என்றோ சொல்லி ஒதுக்காதீர்கள். அது நோய், சிகிச்சை இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் தலைமையிலான குழு, கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பயிற்சி தந்து, மனச்சோர்வடைந்த சுமார் 900 தாய்மார்களிடம் ஒரு திட்டத்தைச் சோதித்தது. அந்தப் பெண்கள் வீடு தேடிப் போய் உட்கார்ந்து பேசினார்கள், குடும்பத்தாரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு நீடித்தவர்கள் அந்தப் பிரிவில் 23 சதவீதம்; வழக்கமான வருகை மட்டும் கிடைத்த பிரிவில் 53 சதவீதம். 2008-ல் வெளியான இந்த ஆய்வை அடிப்படையாக வைத்து உலக சுகாதார நிறுவனம் பின்னர் ஒரு கையேடே வெளியிட்டது. நம்மைப் போலவே மாமியார், நாத்தனார் என்று கூட்டாக வாழும் முஸ்லிம் குடும்பங்களில் நடந்தது என்பதால் இது நமக்கு இன்னும் நெருக்கமானது.

பிள்ளையை முன்னிட்டுத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்ற கட்டளை, பாலூட்டுவது பற்றிப் பேசும் 2:233 வசனத்திலேயே இருக்கிறது. பாலூட்டும் காலத்து ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்திருக்கும் பலர் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை. தொழுகையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பதும் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி. அழுத பிள்ளையையோ, அதைப் பள்ளிக்குத் தூக்கி வந்த தாயையோ அவர்கள் கடிந்துகொள்ளவில்லை.

அமைதியான பிள்ளை

இனி அந்தத் "தங்கமான பிள்ளை". பத்தில் நான்கு பிள்ளைகள் எளிய சுபாவம் கொண்டவை என்பதால், அமைதியான பிள்ளைகளில் பெரும்பாலானவை நல்ல நலத்தோடுதான் இருக்கும். ஆனால் சில பிள்ளைகள் அமைதியாக இருப்பதற்குக் காரணம் சுபாவம் அல்ல. காது கேளாத பிள்ளை, எந்தச் சத்தத்துக்கும் விழிக்காமல் நிம்மதியாகத் தூங்கும். தைராய்டு சுரப்பு குறைந்து பிறந்த பிள்ளை அதிகம் அழாது, அதிகம் தூங்கும். "தறி ஓடினாலும் அசையாது" என்று பெருமையாகச் சொல்லப்படும் பிள்ளைகளில் எல்லாமே அந்தச் சத்தத்துக்குப் பழகியவை என்று எண்ணிவிட முடியாது.

பிறவியில் வரும் காது கேளாமை, நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த பெற்றோரின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சொந்தத்தில் பெண் கொடுத்து எடுப்பது நம்மிடமும் நம் ஊரின் மற்றச் சமூகங்களிடமும் இருக்கும் வழக்கம்தான். அப்படிப்பட்ட குடும்பங்கள் பிள்ளை பிறந்த முதல் மாதத்திலேயே காது பரிசோதனை செய்துவிடுவது நல்லது. தூங்கும் பிள்ளையின் காதில் ஒரு சிறு கருவியை வைத்து எடுக்கும் பரிசோதனை அது. வலி கிடையாது, சில நிமிடம்தான். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் காது கருவியோ பயிற்சியோ தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைக்கும் கெடு. அந்தக் கெடு தவறினால் பேச்சு வருவது தாமதமாகும். தேவைப்படும் குழந்தைகளுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்காவிட்டால், ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பாவிட்டால், ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் பார்க்காமலும் கையசைத்துக் காட்டாமலும் இருந்தால், "இவன் குணமே அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அதேபோல, வழக்கமாக அழும் பிள்ளையின் அழுகை திடீரென்று கீச்சென்று மாறினாலும், பால் குடிக்க மறுத்தாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலும் அது சுபாவம் அல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தடுப்பூசிக்காக ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் எப்படியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஊசி போட்டதும் திரும்பிவிடாமல், பிள்ளையின் பார்வை, காது, வளர்ச்சி பற்றி அங்கேயே கேளுங்கள். தாய்க்குத் தூக்கம் வருகிறதா, மனம் எப்படி இருக்கிறது என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டலாம். அங்கிருந்து மாவட்ட அளவிலான குழந்தைகள் ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். போன் மூலம் கேட்க வேண்டுமானால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. தாயின் மனநலம் பற்றிப் பேச 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.